ரொட்டிப் பொட்டலத்தின் பின்பக்கம்

கடன் பத்திரத்தில் கையெழுத்திட வரும் வாடிக்கையாளரிடம் நாம் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "எல்லாப் பக்கங்களையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்." இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் சொல்லி வருகிறோம். கேட்பவர்களில் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கும் இல்லை என்பதை மட்டாஞ்சேரிக் கிளைக்கு மாற்றலாகி வந்த பிறகே உணர்ந்தோம்.

கொச்சிக்கு வந்ததும் காலைச் சிற்றுண்டி ரொட்டியாக மாறியது. இட்லிக்கு மாவு அரைக்க நேரம் இல்லை. நமது தாயாருக்கும் முதுமை. சர்க்கரை நோய் குடும்பத்தில் உள்ளது என்பதால் வெள்ளை ரொட்டியைத் தவிர்த்து, பழுப்பு ரொட்டியையே வாங்கி வந்தோம். பொட்டலத்தின் முகப்பில் முற்றிய கோதுமைக் கதிர்கள், பின்னணியில் ஒரு வயல், நார்ச்சத்தைப் பற்றி ஒரு வரி. இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பின்னர் ஊழியர்களுக்கான மருத்துவ முகாமில் இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.3 என வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகப் பொருள், 6.5 ஆனால் உள்ளே நுழைந்தாயிற்று.

"காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். சற்றே பெருமிதத்துடன் பழுப்பு ரொட்டி என்றோம். "பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

அன்று மாலை படித்தோம். உட்பொருள்களின் வரிசையில் முதற்பெயர் 'ரிஃபைண்டு வீட் ஃப்ளோர்', அதாவது மைதா. அதனை அடுத்து முழுக் கோதுமை மாவு, 18 விழுக்காடு. அதன் பின் சர்க்கரை, ஈஸ்ட், எண்ணெய், உப்பு. கடைசிக்குச் சற்று முன்பாக '150ஏ' என்றொரு எண். அது கேரமல் நிறமி; சர்க்கரையைக் கருக்கிப் பெறும் பழுப்பு. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நிறமிதான். அதில் பிழை ஒன்றும் இல்லை. நாம் முழுத்தானியத்தின் நிறம் என்று எண்ணிக்கொண்டிருந்தது அதுதான் என்பதே பிழை. வெள்ளை ரொட்டியைவிடப் பொட்டலத்துக்குப் பதினைந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தோம். வாரத்துக்கு இரண்டு வீதம் இரண்டு ஆண்டுகளில் 208 பொட்டலங்கள், 3,120 ரூபாய். வணிகவியல் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

இதை நமது கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மூன்று தலைமுறைகளாக மிளகு வணிகம் செய்யும் குடும்பம்; முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். "மேலே பார்த்து மிளகு வாங்குகிறவன் இந்தத் தெருவில் ஒரு வருடம்கூடக் கடை நடத்த முடியாது, சார்" என்றார். பிறகு எழுந்து நம்மைத் தம் பண்டகசாலைக்கே அழைத்துச் சென்றார். சாக்கின் நடுவில் இரும்புக் குழலைக் குத்தி மாதிரி எடுத்துக் காட்டினார். ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அம்மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்பதே அதன் தரத்தைச் சொல்லும் எடை. துப்புரவு செய்த சரக்குக்கு 'கார்பிள்டு' என்றும் செய்யாததற்கு 'அன்கார்பிள்டு' என்றும் இத்தெருவில் இன்றும் பெயர். மினுமினுப்பான மிளகைக் கண்டால் தமக்கு முதலில் ஐயம்தான் வரும் என்றார். அதற்குக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டின் இறுதியில், கனிம எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த புகாரின்பேரில், கொச்சிக் கிடங்குகளிலிருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்புத் துறையினர் முத்திரையிட்டு வைத்தனர். எண்ணெய் பூசினால் மிளகு மினுங்கும். நமது ரொட்டியின் பழுப்பும் அந்த மினுக்கத்துக்கு ஒருவகையில் உறவுதான். அது விதிமீறல், இது விதிக்கு உட்பட்டது என்னும் வேறுபாடு மட்டும் உண்டு.

மிளகுக்குக் குழல் எதுவோ, ரொட்டிக்கு உட்பொருள் பட்டியல் அது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, உட்பொருள்களை அவற்றின் எடை அல்லது கன அளவின் இறங்குவரிசையில் எழுதவேண்டும். மிகுதியாக உள்ளது முதலில். குறைவாக உள்ளது கடைசியில். ஆகவே முதலிடத்தில் மைதா இருக்குமாயின், முகப்பில் எத்தனை கதிர்கள் வரைந்திருந்தாலும் அது பெரும்பகுதி மைதா ரொட்டியே. முதலிடத்தில் 'ஹோல் வீட் ஃப்ளோர்' அல்லது 'ஆட்டா' என்றிருக்கவேண்டும். வெறுமனே 'வீட் ஃப்ளோர்' என்றிருந்தால் அது தவிடு நீக்கிய மாவா, நீக்காத மாவா என்பது அச்சொல்லிலிருந்து விளங்காது. மைதாவும் கோதுமையின் மாவுதானே.

அதே விதிமுறைகளில் பலர் அறியாத இன்னொரு கூறும் உண்டு. ஓர் உட்பொருளைச் சொல்லாலோ படத்தாலோ லேபிளில் தூக்கிக் காட்டினால், அது எத்தனை விழுக்காடு சேர்ந்துள்ளது என்பதையும் குறிப்பிட வேண்டும். கோதுமைக் கதிரைப் பெரிதாக வரைந்தவர் பின்பக்கத்தில் அதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த விழுக்காட்டைப் படிக்கையில் சிறிது கவனம் தேவை. 'முழுக் கோதுமை மாவு 58 விழுக்காடு' என்று கண்டதும் மீதி 42 விழுக்காடு மைதாவோ என்று ஐயுற வேண்டியதில்லை. ரொட்டி மாவு பிசைகையில் 100 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர் சேரும். ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாமாகப் பத்து கிராம் என்று கொள்வோம். மொத்தம் 170 கிராமில் மாவு 100 கிராம். அதாவது 59 விழுக்காடு. எனவே 55க்கும் 60க்கும் இடையில் ஓர் எண் இருந்து, பட்டியலில் மைதாவே இல்லையென்றால், அது முழுக் கோதுமை ரொட்டிதான். மாறாக, சில லேபிள்களில் அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்தக் குறியைத் தேடிக் கீழே சென்றால், 'மொத்த மாவில்' என்று பொடி எழுத்தில் காணலாம். அப்போது 60 விழுக்காடு என்பதற்கு, மாவில் 40 விழுக்காடு மைதா என்பதே பொருள். விகிதத்தைச் சொல்பவர் எதன் விகிதம் என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தட்டை வட்டியில் கடன் வாங்கி ஏமாந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, மைதாவில் அப்படி என்ன குறை என்று கேட்கலாம். கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு மேல்தோலாகிய தவிடு; இரண்டு அல்லது மூன்று விழுக்காடு முளை; மீதி முழுவதும் மாவுச்சத்து நிறைந்த உட்பகுதி. மைதா என்பது அந்த உட்பகுதி மட்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் அட்டவணையில், 100 கிராம் ஆட்டாவில் நார்ச்சத்து 11.36 கிராம்; மைதாவில் 2.76 கிராம். இரும்புச்சத்து 4.10 மில்லிகிராமிலிருந்து 1.77 ஆகக் குறைகிறது. புரதத்தில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியிருந்தும் ரொட்டிக்காரர் மைதாவை நாடுவதற்குக் காரணம் பேராசை மட்டுமன்று. மாவைப் பிசையும்போது உருவாகும் பசையம் வலைபோல் விரிந்து, ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரொட்டி உப்புகிறது. தவிட்டின் கூரிய துணுக்குகள் அந்த வலையைக் கிழிக்கின்றன. தண்ணீரையும் மிகுதியாகக் குடிக்கின்றன. முளையில் உள்ள எண்ணெயோ நாளடைவில் சிக்கடித்துவிடும். ஆகையால் முழுக் கோதுமை ரொட்டி குள்ளமாகவும் கனமாகவும் இருக்கும், விரைவில் கெடும். பஞ்சுபோல் மிருதுவான, உயரமான 'முழுக் கோதுமை' ரொட்டியைக் கண்டால், அதில் தனியாகப் பசையம் சேர்த்திருக்கிறார்களா, சர்க்கரை எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று பார்ப்பது நன்று. பசையம் சேர்ப்பது குற்றமன்று. சர்க்கரை மூன்றாம் இடத்துக்கு வருவதுதான் கவனிக்கத்தக்கது.

பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இன்னொரு எண் உண்டு. தணிக்கையாளர் ரொக்கப் பேரேட்டை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவதைப் போன்றது இது. ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராம் ரொட்டிக்கு நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். மேலே சொன்ன அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், வெந்த முழுக் கோதுமை ரொட்டியில் ஏழு கிராமுக்கு அருகில் வரவேண்டும். வெறும் மைதா ரொட்டியில் இரண்டு கிராமுக்குள் நிற்கும். நான்கு என்று இருந்தால் பாதிக்குப் பாதி என்று ஊகிக்கலாம். நார்ச்சத்து மிகுந்தது என்று உரிமை கொண்டாட 100 கிராமுக்குக் குறைந்தது ஆறு கிராம் இருக்கவேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளின் வரையறை. மூன்று கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது என்று மட்டும் சொல்லலாம். இத்தகைய உரிமை எதையும் கொண்டாடாத பொட்டலத்தில் நார்ச்சத்தைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. அட்டவணையில் அது இல்லையென்றால் பட்டியலை மட்டும் நம்பவேண்டியதுதான். மைதாவில் தவிட்டைத் தனியே கலந்து நார்ச்சத்தை உயர்த்துவதும் உண்டு. அங்கே எண் சரியாக வரும், முளை வராது.

'மல்டிகிரெய்ன்' என்பதையும் இந்தக் கண்கொண்டே பார்க்கவேண்டும். ராகி, ஓட்ஸ், சோளம், ஆளி விதை எனப் பல பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு. முதலிடத்தில் மைதா. பல தானியம் என்பது எண்ணிக்கையைக் குறிக்குமேயன்றி, அவை முழுத்தானியமா என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் எள்ளும் ஓட்ஸும் நம் கண்ணுக்கானவை.

பட்டியலின் வாலில் வரும் எண்களைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். அவ்வளவு அச்சம் தேவையில்லை. 282 என்பது கால்சியம் புரொப்பியனேட், பூஞ்சையைத் தடுப்பது. கொச்சியின் மழைக்காலத்தில் அஃதில்லாத ரொட்டி சில நாள்களிலேயே பச்சை பூப்பதை நம் வீட்டிலேயே கண்டோம். 471, 481 ஆகியவை எண்ணெயையும் நீரையும் இணைத்து மிருதுத்தன்மை தருபவை. ஒருகாலத்தில் அஞ்சத்தக்கதாக இருந்தது வேறொன்று. 2016 மே மாதத்தில் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், ரொட்டி, பாவ், பன் முதலிய 38 மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது பொட்டாசியம் அயோடேட் எச்சம் இருப்பதாக அறிவித்தது. புரோமேட், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ள பொருள்களுள் ஒன்று. அடுத்த மாதமே அது அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எண்களைவிட உப்பைக் கவனிப்பது பயனுள்ளது. 100 கிராம் ரொட்டியில் 400 முதல் 500 மில்லிகிராம் சோடியம் இருப்பது பொதுவான நிலை. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பே இல்லாததுபோல் நாவில் படும் பண்டத்தில் இவ்வளவு இருக்கிறது.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதை அளக்கும் கிளைசெமிக் குறியீட்டின் 2008ஆம் ஆண்டுப் பன்னாட்டு அட்டவணையில், வெள்ளை ரொட்டியின் சராசரி 75. முழுக் கோதுமை ரொட்டியின் சராசரி 74. வேறுபாடு ஒன்றுதான். நைஸாக அரைத்துவிட்டால் தவிடு கூடவே இருந்தாலும் மாவு விரைவாகவே செரிக்கிறது. உடையாத அல்லது அரைகுறையாக உடைத்த மணிகள் சேர்ந்த ரொட்டிகளுக்கே அந்த எண் 53 அளவில் இறங்குகிறது. நார்ச்சத்தும் இரும்பும் வேண்டி முழுக் கோதுமை ரொட்டியைத் தேர்ந்தெடுப்பது சரியே. அது சர்க்கரையை ஏற்றாது என்று நம்பி நான்கு துண்டுகள் உண்பது சரியன்று. நாம் செய்துவந்தது அதுதான். இதைக் கேரளத்தில் வாழ்வோர் கூடுதலாக எண்ணிப் பார்க்கவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 11.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5.

ரொட்டி இப்பகுதிக்குப் புதிதன்று. போர்ச்சுகீசியரோடு வந்தது, இலங்கைத் தமிழர் அதனைப் பாண் என்று வழங்குவதும் போர்ச்சுகீசியச் சொல்லை ஒட்டியே. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் விட்டுச் சென்ற 'ப்ரூதர்' என்னும் இனிப்பு ரொட்டியை ஃபோர்ட் கொச்சியில் இன்றும் சுடுகிறார்கள். மைதா, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, உலர்திராட்சை எல்லாம் உண்டு; தன்னை உடல்நலப் பண்டமென்று அது ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அக்காலத்தில் ரொட்டி வாங்கியவர் சுட்டவரையே கேட்டிருப்பார். 1965இல் நடுவண் அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் போன்ற பெரிய ஆலைகள் வந்த பிறகு, துண்டு போட்டுத் தாளில் சுற்றிய ரொட்டி வீடுதோறும் பரவியது. (2000 ஜனவரியில் 74 விழுக்காட்டுப் பங்கு ஹிந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டதை நம் துறையினர் மறந்திருக்கமாட்டார்கள்.) சுட்டவர் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போனார். அவரிடம் கேட்கவேண்டியதை இப்போது பொட்டலத்தின் பின்பக்கத்தில்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

சுட்டவர் அருகிலேயே இருப்பாரானால் இன்னும் எளிது. கேரளத்தில் ரொட்டி சுடும் அடுப்புக்குப் போர்மா என்று பெயர். துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதியிலிருந்து நடக்கும் தொலைவில் அப்படியொரு சிறு போர்மா இருக்கிறது. அங்கே லேபிள் கிடையாது. "முழுக்க ஆட்டாவில் சுட்டுத் தருவீர்களா?" என்று கேட்டோம். உரிமையாளர் தயங்கினார். உயரமாக வராது, இரண்டாம் நாளே உதிரும், வாங்கிச் சென்றவர்கள் திட்டுவார்கள் என்றார். பத்து ரொட்டிகளுக்கு ஆள் சேர்த்தால் சனிக்கிழமைதோறும் ஒரு தட்டுப் போடலாம் என்று பிறகு ஒப்புக்கொண்டார். கிளையில் ஆறு பேர், மிளகு வணிகர் ஒருவர், அவருடைய பண்டகசாலைக் கணக்கர், பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் எனப் பத்து சேர்ந்தது. என்னென்ன போடுகிறார் என்று கேட்டதற்கு, பில் புத்தகத்தின் தாளொன்றைக் கிழித்து மலையாளத்தில் எழுதித் தந்தார்: ஆட்டா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, சிறிது வெல்லம், சிறிது எண்ணெய். ஆறே உட்பொருள்கள்.

ஆறு மாதங்களுக்குப் பின் நமது அளவு 5.9 என வந்தது. அதற்கு ரொட்டியே காரணம் என்று எழுத மாட்டோம்; நான்கு துண்டுகள் இரண்டாயின, உடன் ஒரு முட்டையோ சுண்டலோ சேர்ந்தது, மாலையில் படகுத்துறை வரை நடையும் தொடங்கியிருந்தது. தாயாருக்கு மட்டும் அந்த ரொட்டி இன்னும் பிடிக்கவில்லை. முதல் சனிக்கிழமை அதனைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தின்ன வாங்கினாயா, வீடு கட்ட வாங்கினாயாடா?" என்றார். இப்போதெல்லாம் தேங்காய்ச் சட்னி இருந்தால் ஒரு துண்டு உண்கிறார்.